நாற்பதில் தெரியவந்த ஏ.டி.எச்.டி.: மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு–மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரைக்கான சீட்டை மருத்துவர் இரண்டு பிரதிகளாக எழுதித் தர வேண்டும். ஒரு பிரதியை மருந்துக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். விற்பதற்குத் தனி உரிமமும் வேண்டும். மருந்துகள் விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணை விதித்திருக்கும் ஏற்பாடு இது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இந்த மருந்தின் பெயர் உண்டு.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் முதன்முறையாக “உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது” என்று கேட்டுவிட்டு வெளியே வருகிறவரின் கையில் இந்தச் சீட்டு இருக்கிறது. இவ்வளவு காவல் போட்டு விற்கிற மாத்திரையை நான் ஏன் விழுங்க வேண்டும்? இத்தனை வருடம் இது இல்லாமல்தானே படித்தேன், வேலைக்குப் போனேன், குடும்பம் நடத்தினேன்? இது என் புத்தியை மாற்றிவிடுமா? ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதா? வீட்டில் என்ன சொல்வது?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையான பரிசோதனையில் குறைபாடு உறுதியாகி, உடல்நிலையும் இடம் கொடுத்தால், இந்த மருந்தை ஒழுங்காக ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. வாழ்நாள் முழுவதற்குமான முடிவை அன்றைக்கே எடுக்கத் தேவையில்லை. சில வாரங்கள் எடுத்து, விளைவைப் பார்த்து, தொடர்வதா விடுவதா என்று பிறகு சொல்லலாம். நம் ஊரில் பலர் அந்தச் சில வாரங்களை முழுதாகக் கடப்பதே இல்லை. வெட்கத்தால் சீட்டை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கைபேசியில் பார்த்த வீடியோவை நம்பி, ஒரே மாத்திரையில் வேறு ஆளாகிவிடுவோம் என்று எதிர்பார்த்து, பத்தாம் நாள் ஏமாந்து விட்டுவிடுகிறார்கள்.

அம்மா எழுப்பிய வரைக்கும்

இந்தக் குறைபாடு உள்ள குழந்தை நாற்காலியில் உட்காராது, வகுப்பில் ஓடும் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த சித்திரம். வளர்ந்தவர்களிடம் ஓட்டம் உள்ளே போய்விடுகிறது. வெளியே தெரிவதெல்லாம் வேறு. கையில் பணம் இருந்தும் ஈ.பி. பில் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு ஓடுவது. வண்டி இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆனது போலீஸ்காரர் சொல்லித் தெரிவது. ஒரு மின்னஞ்சலுக்கு இரண்டு வரி பதில் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் புழுங்கிவிட்டு, எழுதாமலே விடுவது. பேசிக்கொண்டிருப்பவரின் வாக்கியத்தை முடிக்க விடாமல் குறுக்கே பாய்வது. பிடித்த வேலையென்றால் விடிய விடிய உட்காருவது, அதைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள், “இதுக்கு மட்டும் கவனம் வருதில்ல?” என்று கேட்பது.

அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நோயின் இயல்பே அதில்தான் இருக்கிறது. கவனம் இல்லாமல் போவதில்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்த முடிவதில்லை.

நம் வீடுகளில் இது வெகுகாலம் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. காலையில் எழுப்ப அம்மா. ஃபீஸ் கட்ட அப்பா. மாலையில் டியூஷன் மாஸ்டர். தேர்வு நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அக்கா. மற்றவர்கள் பிடித்திருந்ததால்தான் தன்னால் நிற்க முடிந்தது என்பது அந்தப் பையனுக்கே தெரியாது. பொறியியல் கல்லூரி விடுதியில் முதல் அரியர் விழும்போது லேசாகத் தெரியும். சென்னையிலோ பெங்களூரிலோ தனி அறை எடுத்து வேலைக்குப் போகும்போது, அல்லது குழந்தை பிறந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தான் தேவைப்படும்போது, பிடி மொத்தமாக விடும். அதுவரை அவனுக்குச் ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லாதவன்’ என்ற பெயர்கள் நிலைத்துப் போயிருக்கும். அவனும் அவற்றை நம்பிவிட்டிருப்பான்.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. ஓடாத, கத்தாத, ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் சிறுமியை எந்த ஆசிரியரும் மருத்துவரிடம் அனுப்பச் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டில் எல்லோருடைய மருந்து வேளையையும் பால் கணக்கையும் பள்ளி நோட்டீஸையும் நினைவு வைத்திருக்க வேண்டியவள் அவள்தான் என்று ஆகிறது. மறதி அவளிடம் குறையாகப் பார்க்கப்படுவதில்லை, குற்றமாகப் பார்க்கப்படுகிறது. தூக்கம் இல்லை, படபடப்பு, அழுகை என்றுதான் அவள் மருத்துவரிடம் போகிறாள். மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து வாங்கித் திரும்புகிறாள்.

2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சியில், தனக்கு 41 வயதில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டதாக நடிகர் ஃபகத் ஃபாசில் வெளிப்படையாகச் சொன்னார். தமிழ்ப் படங்கள் வழியாக நமக்கும் நெருக்கமான முகம் என்பதால் இங்கும் அந்தப் பேச்சு பரவியது. “வளர்ந்தவங்களுக்கும் இது வருமா?” என்று பலர் கேட்டார்கள். வளர்ந்த பிறகு புதிதாக வருவதில்லை. சிறு வயதில் இருந்தது பலருக்குப் போகாமல் தொடர்கிறது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு கணக்கீடு, குழந்தைப் பருவத்திலிருந்தே தொடரும் ஏ.டி.எச்.டி. வயது வந்தோரில் சுமார் 2.58 சதவீதத்தினருக்கு இருப்பதாகச் சொன்னது. நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர்.

சீட்டு எழுதும் முன்

மருந்தைப் பற்றிப் பேசும் முன் நோயறிதலில் கொஞ்சம் நின்றாக வேண்டும். தவறாகக் கண்டறியப்பட்டவருக்குச் சரியான மருந்து என்று ஒன்று கிடையாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் அளவுகோல்கள்தான் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. வயது வந்தவருக்குக் கவனக்குறைவுப் பட்டியலிலோ மிகைச் செயல்பாட்டுப் பட்டியலிலோ உள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும் கவனம் வரவில்லை, வீட்டிலும் நண்பர்களோடும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் மாற்ற வேண்டியது வேலையாகவும் இருக்கலாம்.

12 வயது என்ற நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு, 38 வயதில் ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் காட்டியவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்குச் சிறு வயதில் அந்தக் குறைபாடு பதிவாகவே இல்லை என்று 2015இல் சொன்னது. அவர்கள் கஷ்டப்படவில்லை என்று இதற்குப் பொருளில்லை. கஷ்டத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம், இரவு இரண்டு மணி வரை கைபேசி என எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சோதனைத் தாள் ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு உருவானது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது உதவும். அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

நல்ல மருத்துவர் பழைய ரேங்க் கார்டைக் கொண்டுவரச் சொல்வார். அம்மாவிடமோ அண்ணனிடமோ பேச வேண்டும் என்பார். தூக்கத்தையும் குடியையும் பற்றித் துருவிக் கேட்பார். பத்து நிமிடத்தில் பெயர் சூட்டிச் சீட்டு எழுதுகிறவரிடமிருந்து எழுந்து வந்து, இன்னொருவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது

இந்த மருந்துகள் புதியவை அல்ல. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், குழந்தைகளுக்கான மனநல இல்லம் ஒன்றில் பணியாற்றிய சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஆம்ஃபெட்டமின் வகை மருந்தை 30 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 14 பேரின் பள்ளிப் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டதாக எழுதினார். 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். ரிட்டா என்று அழைக்கப்பட்ட தன் மனைவியின் பெயரையொட்டி அதற்கு ரிட்டலின் என்று பெயர் வைத்தார். அது சந்தைக்கு வந்தது 1954இல். உங்கள் அப்பாவுக்கு எழுதித் தரும் பல பி.பி. மாத்திரைகளைவிட மூத்த மருந்து இது.

மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகின்றன. வேலை முடிந்ததும் அவை உடனே உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். மெத்தில்ஃபெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. செய்தி கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெல்ல மெல்லக் கரையும் வகை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை போகும்.

மருத்துவர்கள் சிலர் இதை மூக்குக் கண்ணாடியோடு ஒப்பிட்டுச் சொல்வதுண்டு. நோயாளியின் கூச்சத்தைப் போக்கச் சொல்கிறார்கள் என்று புரிகிறது. ஆனாலும் எனக்கு அந்த ஒப்பீட்டில் உடன்பாடில்லை. கண்ணாடி போட்ட நொடியே எழுத்து தெரியும், அளவும் முன்பே தெரிந்திருக்கும். இந்த மருந்தில் யாருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைக் குறைவாகத் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். சிலருக்குப் பொருந்தாமலே போகும்.

பொருந்தியவர்கள் சொல்வதைக் கேட்டால் சத்தம் இல்லாத ஒரு மாற்றம் தெரியும். செய்ய வேண்டும் என்று நினைத்ததற்கும் எழுந்து செய்வதற்கும் நடுவே இருந்த சுவர் தாழ்கிறது. கோபம் வாயிலிருந்து வரும் முன் ஒரு கணம் கிடைக்கிறது. அதற்கு மேல் மருந்திடம் எதிர்பார்க்கக் கூடாது. எதை முதலில் செய்வது என்று அது சொல்லித் தராது. பதினைந்து வருடம் தள்ளிப்போட்ட வருமான வரிக் கணக்கை எழுதாது. கவனம் கூடும், ஆனால் கூடிய கவனம் யூடியூபின் மேல் போய் உட்கார்ந்தால், மதியம் வரை யூடியூபிலேயே இருக்கும்.

எண்கள் சொல்வது

2018இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 133 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மருந்தின் பலனை அளக்கும் அளவையில் 0.5 என்றால் நடுத்தரம், 0.8 என்றால் பெரியது. வயது வந்தோரில் ஆம்ஃபெட்டமின் வகைக்கு 0.79 கிடைத்தது. மெத்தில்ஃபெனிடேட்டுக்கு 0.49. அட்டமாக்சடின் என்ற இன்னொரு மருந்துக்கு 0.45.

நம் ஊர் வாசகர் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆடரால் போன்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் இந்திய மருந்துக் கடைகளில் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் மச்சானோ வீடியோ போடுகிறவரோ “முதல் நாளே வாழ்க்கை மாறிடுச்சு” என்று சொல்வது பெரும்பாலும் அந்த மருந்தைப் பற்றித்தான். இங்கே பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட்டும் அட்டமாக்சடினும்தான். நடுத்தரமான பலனை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம் குறையும். நடுத்தரமான பலன் என்பதும் சின்ன விஷயம் அல்ல.

சாலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. உள்ள 23 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஆளின் மருந்து வாங்கிய மாதங்களையும் வாங்காத மாதங்களையும் அது ஒப்பிட்டது. மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்துக்காக மருத்துவமனை போகும் ஆபத்து ஆண்களுக்கு 38 சதவீதமும் பெண்களுக்கு 42 சதவீதமும் குறைவாக இருந்தது. தினமும் இரு சக்கர வண்டியில் பூந்தமல்லி சாலையிலோ மதுரை பைபாஸிலோ போய்வருகிறவர் இதை இன்னொரு முறை படிக்கலாம். ஸ்வீடனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 1,48,578 பேரைப் பார்த்த 2024ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தைத் தொடங்கியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் விகிதம் பத்தாயிரத்துக்கு 39 ஆக இருந்தது, தொடங்காதவர்களிடம் 48. மருந்தால்தான் இந்த வித்தியாசம் என்று இத்தகைய ஆய்வுகள் முழுதாக நிரூபிப்பதில்லை. ஆனால் ‘மருந்து எடுக்காமல் இருப்பது பாதுகாப்பானது’ என்று நாம் சும்மாவே நம்பிக்கொண்டிருந்ததை அவை அசைத்துவிட்டன. எடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

எடுப்பதற்கும் விலை உண்டு. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், வாய் வறளும், தலைவலி வரலாம். மருந்து இறங்கும் மாலை நேரத்தில் எரிச்சல் வரலாம். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். ஸ்வீடனில் 2,78,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஐந்து ஆண்டுக்கு மேல் இந்த மருந்துகளை எடுத்தவர்களுக்கு இதய, ரத்தநாள நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. கூடியது பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தமும் தமனி நோயும். நாற்பதைத் தொட்டால் சர்க்கரையும் பி.பி.யும் வாசலில் நிற்கும் நம் குடும்பங்களில் இதைப் புறக்கணிக்க முடியாது. தொடங்கும் முன் ரத்த அழுத்தம், நாடி, எடை மூன்றையும் பார்க்காமல் யாரும் சீட்டு எழுதக் கூடாது. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தால், நடக்கும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தால், அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள்.

மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ ரத்த உறவில் இருந்தாலும் மறைக்காதீர்கள். 13 முதல் 25 வயதுள்ளவர்களில் இந்த மருந்துகளைத் தொடங்கிய சுமார் 660 பேரில் ஒருவருக்கு மனப்பிறழ்வு ஏற்பட்டதாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. கண் அழுத்த நோய், தைராய்டு மிகை, கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம், ஏற்கெனவே எடுக்கும் மனச்சோர்வு மாத்திரை எல்லாமே முன்கூட்டியே பேச வேண்டியவை.

“அடிமை ஆயிட மாட்டியா?”

என் தம்பிக்கு முப்பத்தேழு வயதில் ஏ.டி.எச்.டி. உறுதியானது. அவன் அந்தச் சீட்டோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா முதலில் கேட்டது இதைத்தான். அடுத்து, “நல்லாத்தானடா இருக்க? கை நிறையச் சம்பாதிக்கிற. நாலு பேர் முன்னாடி கீழ்ப்பாக்கம் மாத்திரை சாப்பிடுறான்னு பேர் வாங்கணுமா?” என்றார்.

“நான் நல்லா இல்லம்மா. நல்லா இருக்கிற மாதிரி ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”

அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. மறுநாள் அவனோடு நான் மருந்துக் கடைகளுக்குப் போனேன். சீட்டைப் பார்த்ததும் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். “இதெல்லாம் நாங்க வாங்கி வைக்கிறதில்ல சார். எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரி மெடிக்கல்லயே கேளுங்க” என்றார் ஒருவர். இன்னொருவர் தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாருக்கு சார் இது?” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு “எனக்குத்தான்” என்றான். ஒரு வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவன், உதவி கேட்டு வந்த இடத்திலும் சந்தேகப் பார்வைக்கு ஆளாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதாக இல்லை. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தவறாகப் பயன்படக்கூடிய மருந்துதான். ஆனால் உரிமம் உள்ள கடை எது, எங்கே இருக்கிறது என்பதையாவது சீட்டு எழுதுகிறவர் சேர்த்துச் சொல்லலாம். இதைப் படிக்கும் மருத்துவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் அது. மாத்திரை தீரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்பது நோயாளிகளுக்கு. மறதி உள்ளவர்கள் மறக்கக் கூடாத முதல் தேதி அதுதான்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழியாக எடுக்கும்போது மருந்து மூளைக்கு மெல்லவே ஏறுகிறது. போதைக்குத் தேவையான திடீர் ஏற்றம் அதில் வருவதில்லை. பொடித்து உறிஞ்சுகிறவர்களும், குறைபாடே இல்லாமல் தேர்வுக்கு முதல் நாள் விழுங்குகிறவர்களும் வேறு கணக்கு. தினசரி மாத்திரையின் வேலை அன்றன்றோடு முடிந்துவிடும். நிறுத்துவதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தலாம். பழைய மறதியும் தடுமாற்றமும் திரும்பி வரும், அவ்வளவுதான். குடியோ வேறு பழக்கமோ முன்பு இருந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது அட்டமாக்சடினைப் பற்றிக் கேளுங்கள். அது ‘எக்ஸ்’ அட்டவணையில் இல்லை, இரண்டு பிரதி தேவையில்லை. ஆனால் முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குமட்டல், வாய் வறட்சி, ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்யத்திலும் சிக்கல் வரலாம். சிலவகை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேரும்போது உடலில் அதன் அளவு ஏறிவிடும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய மருந்தைக் கொண்டுபோக விதிகள் கடுமை. முன் அனுமதி வேண்டுமா என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் விதியைப் பார்க்காமல் பெட்டியில் போடாதீர்கள்.

எப்படிப் போட்டுப் பார்ப்பது

முதல் மாத்திரைக்கு முன் ஒரு தாளை எடுத்து, மாற வேண்டியது எது என்று எழுதுங்கள். ‘கவனம் கூட வேண்டும்’ என்று எழுதினால் பயன் இல்லை. என் தம்பி மூன்று எழுதினான்: மேலாளரின் மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில், மாதாமாதம் அபராதம் இல்லாமல் பில், மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும்போது கத்தாமல் இருப்பது. கடைசியை எழுதச் சொன்னது அவன் மனைவி. அவர் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் எடுக்கிறவருக்குத் தன் மாற்றம் பல நேரம் தெரியாது. மருந்து ஏறியிருக்கும்போது தெளிவாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் ஒரு இறுக்கமான மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தூக்கம், பசி, எடை, மாலை மனநிலை, வீட்டுக் கருவியில் ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் வேலை மாறாதீர்கள், புதிய டயட் தொடங்காதீர்கள், காபியைக் குறையுங்கள். மருந்தையும் காபியையும் ஒன்றாக எடுத்தால் படபடப்பு எதனால் வந்தது என்றே தெரியாது. அளவைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். தம்பிக்கு அளவு பிடிபட்ட பிறகு மின்னஞ்சலும் வீட்டுப்பாடமும் மாறின. பில் மாறவில்லை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துதான் அது தீர்ந்தது. மதியச் சாப்பாடு இறங்குவதில்லை என்பதால் காலையில் நிறையச் சாப்பிடப் பழகினான்.

அந்த பில் கதையில் ஒரு பாடமும் இருக்கிறது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறி (2018), வயது வந்தவருக்கு மருந்தைப் பரிந்துரைக்கும் முன் ஒரு படி வைக்கிறது: சூழலில் செய்யக்கூடிய மாற்றங்களைச் செய்து பார்த்த பிறகும் வாழ்க்கையின் ஏதாவது ஒரு பகுதி கணிசமாகப் பாதிக்கப்பட்டால்தான் மருந்து. தானியங்கிப் பணம் செலுத்தல், வாசலருகே சாவிக்கு ஓர் ஆணி, ஒரே நாட்காட்டி, வேலை நேரத்தில் கைபேசி வேறு அறையில். இவையே போதும் என்ற நிலையில் இருப்பவரும் உண்டு. மருந்து எடுத்தும் மிச்சம் இருப்பவற்றுக்கு அறிவாற்றல்–நடத்தை சிகிச்சை உதவும். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்த 86 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனையில் அது கூடுதல் பலன் தந்தது என்று 2010இல் வெளியானது. தமிழில் அதைத் தருகிற, இந்தக் குறைபாட்டை அறிந்த உளவியலாளர்கள் பெருநகரங்களுக்கு வெளியே குறைவு என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறவரை நான் மதிக்கிறேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர், போட்டுப் பார்த்ததில் தன் சிரிப்பு போய்விட்டதாக உணர்ந்தவர், வேலையை மாற்றிக்கொண்டு நிம்மதியாகிவிட்டவர் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. போட்டுப் பார்த்தோ தெளிவாக விசாரித்தோ எடுத்த முடிவு என்றால் அது முடிவுதான். ‘ஊர் என்ன சொல்லும்’ என்று விட்டது மட்டும்தான் என்னை வருத்துகிறது, ஏனென்றால் அந்த ஊர்தான் அதற்கு முன்னாலும் அவரைச் சோம்பேறி என்றது.

அலுவலகத்தில் சொல்வதா என்பது தனிக் கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. இல்லை. அதனால் சலுகையைச் சட்டப்படி கேட்கும் வழி குறுகியது. மேலாளர் நல்லவர் என்று தெரிந்தால் நோயின் பெயரைச் சொல்லாமலே, “வாய்மொழியாகச் சொல்வதை இரண்டு வரியில் எழுதியும் அனுப்புங்கள்” என்று கேட்டுப் பெறலாம்.

தொடர்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரோடு உட்கார்ந்து இன்னும் இது தேவையா என்று பார்க்க வேண்டும். அதே பிரிட்டன் நெறி அதையும் வலியுறுத்துகிறது. தேவைப்பட்டால் சில நாட்கள் நிறுத்தியும் பார்க்கலாம். முதல் தாளை அப்போது உடன் எடுத்துப் போங்கள். அதில் எழுதியவற்றில் எவை இப்போது மருந்து இல்லாமலே நடக்கின்றன, எவை மருந்தோடும் நடக்கவில்லை, ரத்த அழுத்தம் போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள்.